கருவண்டும் செவ்வண்டும்: தென்னையின் இரு பகைவர்

நீண்ட காலம் இடம்பெயர்ந்திருந்து சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பங்கள் முதலில் செய்யும் வேலைகள் மூன்று என்பதை நாம் பல கிராமங்களில் கண்டிருக்கின்றோம். கிணற்றை இறைப்பார்கள். வேலி அடைப்பார்கள். வேலி முடிவதற்கு முன்னரே இரண்டு தென்னம்பிள்ளைகளையாவது நட்டுவிடுவார்கள். திரும்பிப்போக வழியில்லாமல் வேறோர் ஊரில் சிறு துண்டுக் காணியில் குடியிருப்பவர்களும் இதையே செய்கின்றார்கள். தென்னை காய்க்க ஆறு, ஏழு ஆண்டுகள் செல்லும். அத்தனை ஆண்டுகள் இந்த மண்ணில் இருப்போம் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒருவர் தென்னை நடுவார். ஆகவே ஒரு தென்னம்பிள்ளை பட்டுப்போனால் போவது அந்தக் கன்றின் விலை மாத்திரமல்ல.

ஒரு முறை அப்படிப்பட்ட ஒரு குடியிருப்புக்கு நாம் சென்றிருந்தபோது, ஒரு தாய் மூடியில் துளையிட்ட போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து எம் கையில் தந்தார். உள்ளே இரண்டு வண்டுகள் இருந்தன. ஒன்று பெரியது, கறுப்பு, தலையில் கொம்பு. மற்றது சற்றுச் சிறியது, சிவப்பு, முகத்தில் நீண்ட மூக்கு.

"சுவாமி, இந்தக் கறுப்பன் இரவு விளக்கடியில விழுந்தது. இந்தச் சிவப்பன் முறிஞ்ச தென்னையைப் பிளக்கேக்க உள்ளுக்க இருந்தது. கறுப்பன் ஆண், சிவப்பன் பெண் எண்டு எல்லாரும் சொல்லினம். உண்மையோ?"

இந்தக் கேள்வியை நாம் வேறு பல இடங்களிலும் கேட்டிருக்கின்றோம். இவை ஒரே வண்டின் ஆணும் பெண்ணும் அல்ல. இரண்டும் வெவ்வேறு இனங்கள். பிறக்கும் இடம் வேறு, உண்ணும் உணவு வேறு, மரத்தைத் தாக்கும் வழி வேறு. எனவே தடுக்கும் வழியும் வேறு. ஒன்றுக்குரிய மருந்தை மற்றதற்குச் செய்தால் உழைப்பும் பணமும் வீண், மரமும் மிஞ்சாது. இவ்விரு வண்டுகளும் எங்கே வாழ்கின்றன, எப்படி வாழ்கின்றன என்பதை இக்கட்டுரையில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

தென்னையின் பலவீனம்

வண்டுகளைப் பார்க்குமுன் தென்னையைப் பற்றி இரண்டு விடயங்களை அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, தென்னைக்கு உயிர்க்குருத்து ஒன்றே ஒன்றுதான் உண்டு. மாமரத்தின் நுனியை வெட்டினால் பக்கத்தில் பத்துத் தளிர் வரும். முருங்கையை அடியோடு தறித்தாலும் துளிர்க்கும். தென்னையின் வட்டுக்குள் இருக்கும் அந்த மென்மையான வெள்ளைக் குருத்து அழிந்தால் மரம் மீண்டும் தளிர்ப்பதில்லை. அடி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அது செத்த மரமே.

இரண்டாவது, தென்னையின் தண்டில் ஏற்படும் காயம் மூடுவதில்லை. வேம்பு, மா, பலா போன்ற மரங்களில் பட்டைக்கு உள்ளே வளரும் படை ஒன்று உண்டு. அது ஆண்டுக்காண்டு பருத்துக் காயத்தை மூடிவிடும். தென்னை, பனை ஆகியவற்றின் தண்டில் அந்தப் படை கிடையாது. இன்று அடித்த ஆணியின் துளை இருபது ஆண்டு சென்றாலும் துளையாகவே இருக்கும்.

உயிர்க்குருத்து ஒன்று, மூடாத காயம் ஒன்று. கருவண்டு முதலாவதைத் தேடி வருகின்றது. செவ்வண்டு இரண்டாவதைத் தேடி வருகின்றது.

கருவண்டு: உக்கலில் பிறப்பது

கருவண்டு ஒன்றரை அங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை நீளமுள்ள தடித்த வண்டு. தலையில் காண்டாமிருகத்தின் கொம்புபோல் ஒரு கொம்பு இருப்பதால் காண்டாமிருக வண்டு என்றும் அழைப்பர். ஆணின் கொம்பு பெரும்பாலும் நீளமானது. பெண்ணின் உடல் நுனியில் செம்மயிர்க் கற்றை ஒன்றைக் காணலாம். ஆகவே ஆணும் பெண்ணும் கறுப்பினுள்ளேயே இருக்கின்றன. பெண்ணைச் சிவப்பில் தேட வேண்டியதில்லை.

இந்த வண்டு உயிருள்ள தென்னையில் முட்டையிடுவதில்லை. அது முட்டையிடும் இடம் உக்கும் பொருட்கள்: எருக்கும்பி, மாட்டுப்பட்டியின் பழைய சாணம், கூட்டெருக் கிடங்கு, மரத்தூள் குவியல், உக்கிய தென்னங்குற்றி, பனங்குற்றி, தலை இழந்து நின்றபடியே உக்கும் மரம். ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் ஏறக்குறைய 50 முதல் 100 முட்டைகள் இடும். சுமார் பத்துப் பன்னிரண்டு நாட்களில் புழு வெளிவரும். எருவைக் கிளறும்போது வளைந்து சுருண்டு கிடக்கும் கொழுத்த வெள்ளைப் புழுக்களை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். கபிலத் தலையும் ஆறு கால்களும் உடைய அந்தப் புழுவில் ஒன்றுதான் கருவண்டின் பிள்ளை. நான்கு மாதமளவில் அது உக்கலைத் தின்று வளரும். பின்னர் மூன்று வாரமளவில் கூட்டுப்புழுவாக இருக்கும். வண்டாக மாறிய பின்னரும் இரண்டு மூன்று வாரம் அக்கூட்டினுள்ளேயே தங்கி உடலை உறுதியாக்கிக்கொள்ளும். முட்டையிலிருந்து வெளியே பறப்பது வரை ஏறக்குறைய ஆறு மாதங்கள் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். இந்த ஆறு மாதக் கணக்கு பின்னால் எமக்கு உதவும்.

புழுவாக இருக்கும் காலத்தில் இது தென்னைக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை. தீங்கு செய்வது வளர்ந்த வண்டே. இரவில் பறந்து வந்து மேல் மட்டைகளின் கக்கத்தில் இறங்கி, விரியாத குருத்தைக் குடைந்து சாற்றை உறிஞ்சும். சப்பிய தும்பு துளை வாயிலில் தள்ளப்பட்டிருக்கும். விடியுமுன் சில வண்டுகள் திரும்பிவிடும். சில துளைக்குள்ளேயே தங்கிவிடும்.

கருவண்டு வந்துபோனதற்கு ஓலையே சாட்சி. கடதாசியைப் பல மடிப்பாக மடித்து ஓரிடத்தில் கத்தரித்து விரித்தால் இருபுறமும் ஒரே மாதிரியான வெட்டுகள் தெரியுமல்லவா? மடிந்திருக்கும் குருத்தில் வண்டு ஒரு துளை போட்டால், அது விரியும்போது அதேபோல ஓலையின் இருபுறமும் முக்கோண வடிவில் வெட்டுண்டு காணப்படும். இந்த அடையாளத்தை ஒரு முறை கண்டவர் மறக்கமாட்டார்.

வளர்ந்த மரம் சில ஓலைகளையும் பாளைகளையும் இழந்து தப்பிக்கொள்ளும். விளைச்சல் குறையும், உயிர் போகாது. ஆனால் நட்டு ஓரிரு ஆண்டான பிள்ளையில் உயிர்க்குருத்து நிலமட்டத்துக்கு அருகில், மென்மையான மட்டைகளுக்கு நடுவே இருக்கின்றது. ஓரிரவில் வண்டு அதை எட்டிவிடும். புதிதாக நட்ட வளவுகளில் கருவண்டுக்கு அஞ்ச வேண்டிய காரணம் இதுவே.

செவ்வண்டு: உயிருள்ள மரத்துக்குள் பிறப்பது

செவ்வண்டு சுமார் ஒன்றேகால் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை நீளமுடையது. செங்கபில நிறம். கழுத்துப் பகுதியில் கறுப்புப் புள்ளிகள். முகத்தில் வளைந்த நீண்ட மூக்கு. அதனால் இதைக் கூன்வண்டு என்றும் சொல்வர். ஆணின் மூக்கின்மேல் சிறு மயிர்த் தூரிகைபோல் இருக்கும், பெண்ணுக்கு அது இல்லை. இங்கும் ஆண், பெண் இரண்டும் சிவப்பே.

இது எருக்கும்பியை நாடுவதில்லை. இதன் வீடு உயிருள்ள தென்னை. மரத்தில் எங்காவது காயம் பட்டால் கசியும் சாற்றின் வாசனை இதை அழைக்கின்றது. வெட்டிய பச்சை மட்டையின் அடி, ஆணித்துளை, ஏறுவதற்காகக் கொத்திய படி, வெடிப்பு, கருவண்டு குடைந்த ஓட்டை ஆகியவற்றில் பெண் வண்டு தன் மூக்கால் சிறு துளையிட்டு முட்டைகளை வைக்கும். ஒரு பெண் வண்டு நூற்றுக்கணக்கில் முட்டையிட வல்லது. மூன்று நான்கு நாட்களில் புழுக்கள் வெளிவரும். இப்புழுவுக்குக் கால்கள் இல்லை. நடக்க வேண்டிய தேவையும் இல்லை, ஏனெனில் அது பிறந்த இடமே உணவு. ஒன்று முதல் மூன்று மாதம் வரை தண்டின் உள்மென்பகுதியைத் தின்று சுரங்கம் போடும். பின்னர் தும்பினால் நூற்கண்டுபோல் ஒரு கூடு செய்து அதற்குள் உருமாறும். வெளிவரும் வண்டுகளில் பல அதே மரத்திலேயே மீண்டும் முட்டையிடும். ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை என உள்ளேயே பெருகி, ஒரு நாள் காற்றில் வட்டு சாய்ந்து விழும்போதுதான் வீட்டுக்காரருக்கு விடயம் தெரியவரும்.

கருவண்டில் வண்டுதான் கேடு, புழு கேடில்லை. செவ்வண்டில் புழுதான் கேடு. இருபது வயதுக்குட்பட்ட இளம் மரங்களையே இது பெரும்பாலும் தாக்குகின்றது. அவற்றின் தண்டு மென்மையானது. இன்னும் காய்க்கத் தொடங்காத அல்லது இப்போதுதான் காய்க்கத் தொடங்கிய மரம் விழும்போது பல ஆண்டு உழைப்பு விழுகின்றது.

ஒரே பார்வையில்

1. பிறக்கும் இடம்: கருவண்டு எருவிலும் உக்கிய மரத்திலும்; செவ்வண்டு உயிருள்ள மரத்தின் உள்ளே.

2. புழு: கருவண்டின் புழு வளைந்து சுருண்டது, ஆறு கால்கள் உடையது, செவ்வண்டின் புழு நடுவில் பருத்தது, கால்கள் அற்றது.

3. நடமாட்டம்: கருவண்டு இரவில் பறக்கும், விளக்கு வெளிச்சத்துக்கு வரும், செவ்வண்டு பகலிலும் பறக்கும், காயத்தின் வாசனைக்கு வரும்.

4. அடையாளம்: கருவண்டுக்கு ஓலையில் முக்கோண வெட்டும் குருத்தடியில் தும்பும், செவ்வண்டுக்குத் தண்டில் சிறு துளையும், அதிலிருந்து வடியும் கபில நிறப் பிசினும், சப்பிய தும்பும், நடு ஓலைகளின் வாட்டமும்.

5. கண்ணில் படுதல்: கருவண்டின் சேதம் மேலே, எல்லோருக்கும் தெரியும்; செவ்வண்டின் சேதம் உள்ளே, தேடினால்தான் தெரியும்.

இவ்வாறு எல்லாவற்றிலும் வேறுபட்ட இரண்டுக்கும் ஓர் உறவு உண்டு. கருவண்டு குடைந்த ஓட்டை செவ்வண்டுக்கு வாசலாகின்றது. முன்னது கதவை உடைத்துவிட்டுப் போகும் திருடன் என்றால், பின்னது திறந்த கதவைக் கண்டு குடியேறி வீட்டையே தின்னும் ஆள். ஆகவே எருக்கும்பியைக் கவனிப்பவர் கருவண்டைக் குறைப்பதோடு செவ்வண்டின் வாசல்களில் ஒன்றையும் அடைக்கின்றார்.

கடல்கடந்த கதை

இவ்விரு வண்டுகளும் எமது பிராந்தியத்தைச் சேர்ந்தவை. எமது நாட்டில் இவற்றுக்கு இயற்கைப் பகைவர்களும் உண்டு. புழுக்களைக் கிளறித் தின்னும் பறவைகள், புழுவின் உடலில் வளர்ந்து அதனைப் பச்சை நிறமாக்கிக் கொல்லும் ஒரு வகைப் பங்கசு, வண்டின் குடலைத் தாக்கும் ஒரு வைரசு ஆகியன அவற்றுட் சில. பகைவர் இல்லாத ஊருக்கு இவை போனபோது என்ன நடந்தது என்பதை அறிந்தால், இவற்றின் வலிமை விளங்கும்.

1909 இல் எமது இலங்கையிலிருந்து இறப்பர் கன்றுகள் பசுபிக் சமுத்திரத்திலுள்ள சமோவாத் தீவுக்கு அனுப்பப்பட்டன. அவற்றோடு கருவண்டும் பயணம் செய்தது. தென்னையையே நம்பி வாழ்ந்த அம்மக்களுக்கு அது பெருந்துன்பமாயிற்று. அங்கிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வண்டு தீவுக்குத் தீவு பரவியது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1942 அளவில் பலாவுத் தீவுகளை அது அடைந்தது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் அங்கிருந்த தென்னைகளில் ஏறக்குறைய பாதி செத்துப்போயின. 1963 இல் மலேசியாவில் மேற்சொன்ன வைரசு கண்டுபிடிக்கப்பட்டு, 1967 இல் சமோவாவில் விடப்பட்ட பின்னரே அங்கே வண்டின் தொகை குறைந்தது.

குவாம் தீவின் கதை எமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே 2007 இல் கருவண்டு காணப்பட்டது. இந்த வண்டின் வழியினம் அந்த வைரசுக்கு எளிதில் பணியவில்லை. 2015 இல் ஒரு சூறாவளி மரங்களைச் சாய்த்தது. சாய்ந்த மரங்கள் உக்கின. உக்கிய இடமெல்லாம் வண்டுக்குத் தொட்டிலாயிற்று. அதிலிருந்து எழுந்த வண்டுகள் நின்ற மரங்களைக் கொன்றன. கொன்ற மரங்கள் மீண்டும் உக்கி மேலும் வண்டுகளைத் தந்தன. செத்த மரத்தை அப்படியே விட்டால் அது உயிருள்ள மரத்தைக் கொல்லும் என்பதே அந்தத் தீவு தரும் பாடம்.

செவ்வண்டின் பயணம் மேற்குத் திசையில் நடந்தது. 1980களின் நடுப்பகுதியில் வளைகுடா நாடுகளின் பேரீச்சந் தோட்டங்களில் அது காணப்பட்டது. 1990களில் எகிப்தையும் ஸ்பெயினையும் அடைந்தது. உயிருள்ள மரத்துக்குள் ஒளிந்திருப்பது அதன் இயல்பாகையால், கன்றுகளையும் மரங்களையும் ஏற்றிச் சென்றவர்கள் உள்ளே என்ன இருக்கின்றது என்பதை அறியாமலே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எம் குடும்பங்களிலிருந்து வேலைக்காக அந்நாடுகளுக்குச் சென்றவர்கள் பேரீச்சை மரங்களில் தொங்கும் வாளிப் பொறிகளைக் கண்டிருக்கலாம். இந்த வண்டுக்காகவே அவை வைக்கப்பட்டுள்ளன.

கருவண்டு உக்கலோடு பெருகும். செவ்வண்டு உயிர்மரத்தோடு பயணம் செய்யும். அவற்றின் வாழ்விடமே அவற்றின் வழியைத் தீர்மானிக்கின்றது.

நாம் செய்த தவறு

மற்றவர் தவறுகளைச் சொல்லும் நாம் எமது தவறையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஒரு கிராமத்தில் மீளக் குடியேறிய குடும்பங்களுக்குத் தென்னம்பிள்ளைகளைக் கொடுத்தோம். இரசாயனப் பசளைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று, ஒவ்வொரு வளவிலும் ஒரு கூட்டெருக் கிடங்கும் வெட்டச் செய்தோம். தண்ணீரும் எருவும் சுமக்கும் தூரம் குறையட்டும் என எண்ணிக் கிடங்குகளைப் பிள்ளைகளுக்கு அருகிலேயே வெட்டினோம். காணி துப்புரவாக்கும்போது இயந்திரம் தள்ளிய பழைய தென்னங்குற்றிகளும் பனங்குற்றிகளும் எல்லையோரம் குவிந்து கிடந்தன. அவற்றை எவரும் பொருட்படுத்தவில்லை.

அடுத்த ஆண்டு போனபோது பிள்ளைகளில் பல குருத்தின்றி நின்றன. கிடங்கைக் கிளறினோம். கிளறாமல், எருவை எடுக்காமல் ஓராண்டு கிடந்த அந்தக் கிடங்கு வெள்ளைப் புழுக்களால் நிறைந்திருந்தது. எல்லையோரக் குற்றிகளைப் பிரட்டினோம், அங்கும் அப்படியே. பிள்ளையையும் நாமே கொடுத்து, அதன் பகைவனுக்குத் தொட்டிலையும் நாமே கட்டிக்கொடுத்திருந்தோம். வாழ்விடத்தை அறியாமல் செய்யும் நன்மை சில வேளைகளில் இப்படி முடியும்.

கூட்டெரு செய்வது தவறல்ல. ஆறு மாதத்துக்கு மேல் கிளறாமல் விட்டதே தவறு. வண்டு வெளிவர ஆறு மாதமளவில் தேவை என்று முன்னர் கண்டோம். அதற்குள் எரு கிளறப்பட்டு, புழு பொறுக்கப்பட்டு, வயலுக்கும் தோட்டத்துக்கும் போய்விட்டால் வண்டு பிறப்பதில்லை.

கருவண்டுக்குச் செய்ய வேண்டியவை

எருக்கும்பியையும் கூட்டெருக் கிடங்கையும் மாதம் ஒரு முறையாவது கிளறுங்கள். கிளறும்போது கோழிகளைத் திறந்து விடுங்கள். அவை செய்யும் வேலையை எந்த மருந்தும் செய்யாது. பழைய எருவை ஆறு மாதத்துக்குமேல் வைத்திருக்க வேண்டாம்.

உக்கிய குற்றிகளைப் பிளந்து, உள்ளிருக்கும் புழுக்களைப் பொறுக்கி அழித்துவிட்டு, காய்ந்ததும் எரித்துவிடுங்கள். உறுதியான குற்றிகளை விறகாகவோ வேலிக்கோ உடனே பயன்படுத்துங்கள். தலை இழந்து நிற்கும் மொட்டை மரங்களைத் தறித்து இதேபோல் செய்யுங்கள். உடனடியாக அகற்ற முடியாத குற்றிகளின்மேல் தரைமூடிக் கொடிகளை அடர்த்தியாகப் படரவிட்டால் பறந்துவரும் வண்டுக்கு அவை எளிதில் அகப்படுவதில்லை.

பிள்ளைகளை வாரம் ஒரு முறை பாருங்கள். குருத்தடியில் புதிய தும்பு தெரிந்தால் உள்ளே வண்டு இருக்கக்கூடும். நுனியை முள்போல் கொளுவி வளைத்த கம்பியால், உயிர்க்குருத்தில் படாமல் மெதுவாகக் குத்தி இழுத்தெடுங்கள். பின்னர் வேப்பம் பிண்ணாக்குத் தூளையும் நுண்மணலையும் சம அளவில் கலந்து மேலுள்ள மூன்று மட்டைகளின் கக்கங்களில் இடுங்கள். மணல் வண்டின் மூட்டுகளை உறுத்தும், பிண்ணாக்கின் மணம் அதை விலக்கும். ஆண்டில் மூன்று முறை இப்படிச் செய்வது நல்லது. பிண்ணாக்கு வாங்க வசதி இல்லாதவர்கள் வேப்பங்கொட்டைகளைப் பொறுக்கி இடித்துப் பயன்படுத்தலாம்.

செவ்வண்டுக்குச் செய்ய வேண்டியவை

இங்கே முதல் விதி, மரத்தைக் காயப்படுத்தாதிருத்தல். தற்காலிகக் கொட்டில்களில் வாழ்ந்த காலத்தில் தறப்பாளைக் கட்டுவதற்கும், விளக்குத் தொங்கவிடுவதற்கும், உடுப்புக் கொடி கட்டுவதற்கும் தென்னையில் ஆணி அடிப்பது எமக்குப் பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கத்தை இப்போதாவது விட்டுவிடுவோம். கயிற்றால் சுற்றிக் கட்டலாம். ஏறுவதற்குப் படி கொத்த வேண்டாம். பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டோடு ஒட்ட வெட்டாமல் நான்கு அடி விட்டு வெட்டுங்கள். அந்த அடிமட்டை காய்ந்து விழும்வரை தண்டைக் காக்கும். காயம் பட்டுவிட்டால் அன்றே தார் பூசுங்கள்.

இரண்டாவது விதி, தேடிப் பார்த்தல். மாதம் ஒரு முறை ஒவ்வோர் இளம் மரத்தையும் அடியிலிருந்து வட்டு வரை பாருங்கள். துளை, பிசின், தும்பு ஆகியவற்றைத் தேடுங்கள். அமைதியான வேளையில் தண்டில் காதை வைத்துக் கேளுங்கள். புழுக்கள் அரைக்கும் மெல்லிய "கறுகறு" என்ற ஓசை கேட்டால் மரத்துக்குள் ஆள் குடியிருக்கின்றது. சிறுவர்களுக்கு இந்த வேலையைக் கொடுத்தால் விருப்பத்தோடு செய்வார்கள், அவர்களின் காதும் கூர்மை.

அறிகுறி கண்டால் உடனே தெங்குப் பயிர்ச்செய்கைச் சபையின் உத்தியோகத்தருக்குத் தெரிவியுங்கள். ஆரம்பத்தில் கண்டால் மரத்தைக் காப்பாற்ற முடியும். அறிந்த ஒருவர் சொன்னார் என்று கையில் கிடைத்த நஞ்சைத் துளையில் ஊற்ற வேண்டாம். ஒரு காலத்தில் செவ்வண்டுக்காகத் தண்டில் துளையிட்டு ஊற்றப்பட்ட மொனோகுரோட்டபொஸ் இலங்கையில் 1995 இல் தடைசெய்யப்பட்டது. அது வண்டை மட்டும் கொல்லும் நஞ்சல்ல, பல உயிர்களைக் குடித்த நஞ்சு. பழைய போத்தல் எங்காவது கிடந்தால் அதைத் திறவாமல் விவசாய உத்தியோகத்தரிடம் அறிவியுங்கள்.

காப்பாற்ற முடியாத மரத்தைத் தறித்தால் அப்படியே கிடக்க விடாதீர்கள். உள்ளிருக்கும் புழுக்கள் விழுந்த மரத்திலும் வளர்ந்து வண்டாகும். பின்னர் அதே குற்றி உக்கும்போது கருவண்டு வந்து குடியேறும். ஒரே மரம் இரு பகைவருக்கும் வீடாகும். தறித்த நாளிலேயே பிளந்து எரித்துவிடுங்கள்.

ஆண் செவ்வண்டு தன் இனத்தை அழைக்க வெளிவிடும் வாசனைப் பொருள் 1993 இல் இனங்காணப்பட்டது. அதைச் செயற்கையாகச் செய்து வாளிப் பொறிகளில் வைக்கின்றனர். கருவண்டுக்கும் இத்தகைய வாசனைப் பொறிகள் உண்டு. இவை பயனுள்ளவை. ஆனால் அயலிலுள்ள வண்டுகளையும் அழைத்து வருவதால், இளம் பிள்ளைகளுக்கு அருகில் வைக்காமல் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். தனி ஒரு வீட்டுக்காரர் வைப்பதைவிட ஊராகச் சேர்ந்து வைப்பதே பொருத்தம்.

வேலிக்கு அப்பால்

இவ்வளவையும் ஒரு குடும்பம் செய்து முடித்தாலும் ஒரு கேள்வி எஞ்சியிருக்கின்றது. வண்டுக்கு வேலி தெரியாது. பக்கத்துக் காணிக்காரர் இன்னும் திரும்பி வரவில்லை. அவர் வேறு மாவட்டத்திலோ, இந்தியாவிலோ, அதற்கும் அப்பாலோ இருக்கின்றார். அவருடைய வளவில் மொட்டைத் தென்னைகள் நிற்கின்றன, குற்றிகள் உக்குகின்றன. அங்கிருந்து எழும் கருவண்டு எமது பிள்ளைக்கு வருகின்றது. என்ன செய்வது?

அவருடைய காணிக்குள் நாமாகப் புகுந்து மரம் தறிப்பது முறையல்ல. நாளை அது வழக்காகவும் பகையாகவும் மாறலாம். இடம்பெயர்ந்தவரின் காணியில் மற்றவர் கைவைப்பதன் வேதனை எம் எல்லோருக்கும் தெரியும். உறவினர் மூலம் அவருக்குச் செய்தி அனுப்பி அனுமதி பெறுங்கள். கிராம அலுவலருக்கு அறிவித்து, கமக்காரர் அமைப்பின் ஊடாக நான்கு பேர் சேர்ந்து, உக்கிய குற்றிகளை மட்டும் அகற்றுங்கள். விறகின் பயனை யார் பெறுவது என்பதையும் முன்னரே பேசிக்கொள்ளுங்கள். அவர் திரும்பி வரும் நாளில், தான் இல்லாதபோதும் தன் வளவைப் பார்த்த அயலவர் இருந்தார்கள் என்பதைக் காண்பார்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கண்ணிவெடி அகற்றப்பட்டது என உறுதிசெய்யப்படாத காணிக்குள் குற்றி பொறுக்கவோ எருக் கிளறவோ போக வேண்டாம். பழைய பதுங்குகுழி இருந்த இடத்தின்மேல் குற்றிகளைக் குவித்து எரிக்க வேண்டாம். மண்ணுக்குள் என்ன கிடக்கின்றது என்பது எமக்குத் தெரியாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் திரும்பி வந்து அறிவியுங்கள். தென்னம்பிள்ளையைவிட வீட்டுப்பிள்ளை பெரிது.

எப்போது தொடங்குவது?

எமது பகுதிகளில் தென்னம்பிள்ளை நடும் காலம் ஐப்பசி மழையோடு வருகின்றது. ஆகவே அதற்கு முன்னுள்ள ஆவணி, புரட்டாதி வறட்சியிலேயே குற்றிகளைப் பிளந்து காயவைத்து எரிக்கவும், எருக்கும்பிகளைக் கிளறி வயலுக்கு ஏற்றவும் வேண்டும். முதலில் வண்டின் வீட்டை அகற்றி, பின்னர் பிள்ளையை நடுவோம். இந்த ஒழுங்கை மாற்றியதே நாம் முன்னர் செய்த தவறு.

போத்தலோடு வந்த அந்தத் தாய்க்கு இவற்றை விளக்கியபோது அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப சுவாமி, கறுப்பனைக் கண்டால் நிலத்தைப் பார்க்க வேணும், சிவப்பனைக் கண்டால் மரத்தைப் பார்க்க வேணும். அப்பிடித்தானே?"

அப்படியேதான். நாம் இத்தனை பக்கங்களில் எழுதியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். அதையே உங்கள் பிள்ளைகளுக்கும் அயலவர்க்கும் சொல்லிக்கொடுங்கள்.